டைப் எழுதுங்க, ஜூனியர் பிழைக்கட்டும்

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் நடந்த அன்னைக்குக் காலையில் ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மணி எட்டே முக்கால். வரிசை ஆடிட்டோரியம் வாசலைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் போயிருந்தது. ஒரு அணியின் பேமென்ட் நம்பரை லேப்டாப்பில் அடித்தேன். வெள்ளைத் திரையில் 'இன்டர்னல் சர்வர் எரர்' என்று வந்தது. அடுத்த அணிக்குச் சரியாக வந்தது. அதற்கடுத்த அணிக்கு மறுபடியும் எரர்.

அந்த இணையதளத்தை எழுதியவர்கள் எங்களுக்கு இரண்டு பேட்ச் முந்தைய சீனியர்கள். பைத்தானில், ஃபிளாஸ்க் ஃப்ரேம்வொர்க்கில் எழுதியது. நாங்க போஸ்டரையும் தேதியையும் மாற்றி, புதுசாக ஒரு பக்கம் சேர்த்தோம், அவ்வளவுதான். அந்தப் புதுப் பக்கம் சீனியர் எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டது. பேமென்ட் நம்பரைக் கொடுத்தால் அது அணியின் விவரத்தை ஒரு டிக்‌ஷனரியாகத் தரும். நாங்க சோதித்துப் பார்த்ததெல்லாம் பணம் கட்டி முடித்த நம்பர்கள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காக வந்தது. பணம் 'பென்டிங்'கில் இருந்தால் அதே ஃபங்ஷன் 'ஃபால்ஸ்' தரும், நம்பரே இல்லையென்றால் 'நன்' தரும் என்பது எங்களுக்குத் தெரியாது.

மதியம்தான் சீனியர் போனை எடுத்தார். "டேய், பென்டிங்னா ஃபால்ஸ் வரும்டா, அது கூடவா தெரியாது?" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய தலைக்குள் தவிர வேறு எங்கேயும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அதற்குள் நாங்க பேப்பரில் பெயர் எழுதி ஆட்களை உள்ளே அனுப்பத் தொடங்கியிருந்தோம். ஆனாலும் விடியற்காலை நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து வந்த ஒரு வெளியூர் அணி, வரிசையில் நின்றே பேப்பர் பிரசன்டேஷனின் முதல் சுற்றைத் தவறவிட்டது. அவங்க ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. சாப்பாட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்கு இன்னமும் உறுத்துவது அதுதான்.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்? கட்டற்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்குகளுக்கு டைப் சேர்க்கணுமா வேண்டாமா என்று பல வருஷமாக ஒரு சண்டை நடக்கிறது. சேர்க்கணும் என்பது என் கட்சி. எப்படிச் சேர்ப்பது என்பதில் என் கட்சிக்காரர்கள் சிலரோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டையும் சொல்கிறேன், கேளுங்க.

முதலில் ஒரு குழப்பம்

"பைத்தான் லூஸான லாங்குவேஜ் சார், டைப்பே கிடையாது" என்று வைவாவில் சொல்லாதீங்க. டைப் இருக்கிறது, கண்டிப்பாகவும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் எண் 1-உடன் '1' என்ற எழுத்தைக் கூட்டினால் '11' என்று ஒரு விடை வரும். பைத்தானில் அதே காரியத்தைச் செய்தால் டைப் எரர் வரும். அந்த வகையில் பைத்தான் 'ஸ்ட்ராங்'. ஆனால் அந்த எரர் எப்போது வருகிறது? புரோகிராம் ஓடி, அந்த வரிக்கு வந்து சேர்ந்த பிறகு. எங்களுக்கு அது எட்டே முக்கால் மணிக்கு வந்தது. ஓடுவதற்கு முன்னாலேயே, கோடை வாசித்து மட்டும் 'இங்கே இடிக்கும்' என்று சொல்வதுதான் 'ஸ்டாட்டிக்' சோதனை. பைத்தானிடம் இல்லாமல் இருந்தது இரண்டாவதுதான்.

ஃபங்ஷனுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதும் வசதி 2008-இல் வந்த பைத்தான் 3.0-இலேயே உண்டு. அந்தக் குறிப்புக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.5, பெப் 484 என்ற ஆவணத்தின் மூலம் அதற்கு அர்த்தம் கொடுத்தது. அதை எழுதிய மூவர்: பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், யூக்கா லெஹ்டோசாலோ, வூகாஷ் லாங்கா. இதில் லெஹ்டோசாலோ, கேம்பிரிட்ஜில் பிஎச்டி செய்துகொண்டிருந்தபோது தொடங்கிய திட்டம்தான் 'மைபை', அதாவது கோடை ஓட்டாமலேயே டைப்பைச் சரிபார்க்கும் கருவி. நம்மைப் போல ஒரு மாணவரின் புராஜெக்ட் என்பதைக் கவனிங்க.

டைப் எழுதுவது ஒருபோதும் கட்டாயம் ஆகாது என்று அதே ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. பைத்தான் ஓடும்போது அந்தக் குறிப்புகளைத் தானாகச் சோதிப்பதும் இல்லை. 'எண் தருவேன்' என்று எழுதிவிட்டு ஸ்ட்ரிங் கொடுத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். மைபை, பைரைட் மாதிரி ஒரு கருவியை ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

பெரிய நிறுவனங்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டன. டிராப்பாக்ஸ் தன்னிடம் இருந்த 40 லட்சம் வரி பைத்தான் கோடை டைப் சோதனைக்குள் கொண்டுவந்த கதையை 2019-இல் எழுதியது. ஆனால் அது அவர்களுடைய சொந்தக் கோட். சம்பளம் கொடுத்து ஆளை உட்கார வைக்க முடியும். கட்டற்ற ஃப்ரேம்வொர்க்கின் கதை வேறு.

ஃப்ரேம்வொர்க் மட்டும் ஏன் தனி?

எங்க சீனியரின் ஃபங்ஷனைக் கூப்பிட்டவர்கள் மொத்தம் நாலு பேர். போன் நம்பர் கையில் இருந்தது, மதியமாவது பதில் கிடைத்தது. ஒரு ஃப்ரேம்வொர்க்கின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவர்களை அதை எழுதியவர் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. அவர்கள் யாரும் அவருக்குப் போன் போட முடியாது. 'என்ன கொடுக்கணும், என்ன கிடைக்கும்' என்பது கோட் பக்கத்திலேயே எழுதியிருந்தால்தான் உண்டு.

டாக்குமென்டேஷன் இருக்கே என்று கேட்பீங்க. இருக்கு. ஆனால் கோட் மாறும்போது டாக்குமென்டேஷன் மாறியதா என்று எந்தக் கருவியும் முழுசாகச் சோதிக்காது. டைப் மாறினால் அந்த நிமிஷமே சோதனை அலறும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. டைப் இல்லாத ஒரு லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிட்டால், கிடைக்கும் பொருளுக்கு மைபை 'எனி' என்று பெயர் வைக்கும். எது வேண்டுமானாலும் இருக்கலாம், நான் கேட்கமாட்டேன் என்று அர்த்தம். அந்தப் பொருளிலிருந்து எடுத்த இன்னொரு பொருளும் எனி, அதைக் கொடுத்து வாங்கியதும் பெரும்பாலும் எனி. கூரையில் ஒரு ஓடு நழுவியிருந்தால் மழைநீர் அங்கேயே சொட்டாது, சுவரெல்லாம் இறங்கும். அது மாதிரிதான். உங்க புராஜெக்ட்டில் நீங்க எவ்வளவு ஒழுங்காக டைப் எழுதினாலும், அடியில் இருக்கும் ஃப்ரேம்வொர்க் வாய் திறக்கவில்லை என்றால் உங்க சோதனையும் ஊமையாகிவிடும். அதனால் ஆயிரம் அப்ளிகேஷன்கள் தனித்தனியாகச் செய்யும் வேலையை விட, ஒரு ஃப்ரேம்வொர்க் செய்யும் வேலைக்குப் பலன் அதிகம்.

ஃபிளாஸ்க் என்ன செய்தது?

ஃபிளாஸ்க் 2010-இல் வந்தது. அப்போது டைப் ஹின்ட் என்ற பேச்சே கிடையாது. 2021 மே மாதம் ஃபிளாஸ்க் 2.0 வெளியானது. அதனோடு வெர்க்சியூக், ஜின்ஜா, கிளிக் உள்ளிட்ட அதன் கூட்டாளிகளும் புதிய பதிப்புகளாக வந்தன. பைத்தான் 2-க்கான ஆதரவை விட்டார்கள், கோடுக்குள்ளேயே டைப் எழுதினார்கள்.

எழுத உட்கார்ந்ததும் என்ன தெரியும் பாருங்க. ஃபிளாஸ்க்கில் ஒரு வியூ ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரலாம்? ஸ்ட்ரிங் தரலாம். டிக்‌ஷனரி தந்தால் ஜேசன் ஆக்கிக்கொள்ளும். ஸ்ட்ரிங்கோடு ஸ்டேட்டஸ் எண்ணைச் சேர்த்து டியூப்பிளாகத் தரலாம். எண்ணுக்குப் பதில் ஹெடர்களைத் தரலாம். மூன்றையும் சேர்த்துத் தரலாம். நேராக ரெஸ்பான்ஸ் பொருளையே தரலாம். லேபில் இதை ஒரே வரியில் 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். டைப் எழுதுகிறவர் இத்தனை வழிகளையும் வரிசையாகப் பட்டியல் போட்டே ஆகணும். அந்தப் பட்டியல் இன்று ஃபிளாஸ்க்கின் மூலக்கோடில் தனிக் கோப்பில் இருக்கிறது. திறந்து படிச்சுப் பாருங்க. ஃபிளாஸ்க் என்ன வாக்குக் கொடுக்கிறது என்பதை அதை விடச் சுருக்கமாக எந்த டுடோரியலும் சொல்லாது.

அடி வாங்கிய இடமும் உண்டு. ஃபிளாஸ்க்கில் 'ஜி' என்று ஒரு பொருள் இருக்கிறது. ஒரு ரிக்வெஸ்ட் முடியும் வரை நமக்குத் தேவையானதை அதில் போட்டு வைக்கலாம், எந்தப் பெயரிலும் வைக்கலாம். மேசை டிராயர் மாதிரி. 2.0-இல் இதற்கு எழுதிய டைப் சரியாக அமையவில்லை. பத்து நாளில் வந்த 2.0.1 பதிப்பின் மாற்றக் குறிப்பில், ஜி-யில் எந்தப் பெயரும் இருக்கலாம் என்று மைபைக்குத் தெரிவித்த திருத்தம் இடம்பெற்றிருக்கிறது. அதே பதிப்பில் டைப் சம்பந்தமான வேறு சில திருத்தங்களும் உண்டு. அனுபவமுள்ளவர்களே தடுமாறும் வேலை இது. தடுமாறினார்கள், திருத்தினார்கள், நகர்ந்தார்கள்.

எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கு

ஜாங்கோவைப் பாருங்க. அதன் மூலக்கோடில் ஃபிளாஸ்க் மாதிரி முழுமையாக டைப் எழுதவில்லை. அதற்கு வெளியே 'ஜாங்கோ ஸ்டப்ஸ்' என்று ஒரு தனித் திட்டத்தைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஜாங்கோ சோம்பேறித்தனத்தால் அப்படி இருக்கிறது என்று சொன்னால் அது தப்பு.

ஜாங்கோவில் ஒரு புத்தக மாடலைத் தேடும்போது, 'ஆத்தர்' என்று எழுதி, இரண்டு அடிக்கோடு போட்டு, 'நேம்' என்று எழுதினால் ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடும். அந்தப் பெயர் நம்ம மாடலில் என்ன ஃபீல்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓடும்போது ஜாங்கோ அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும். பைத்தானின் சாதாரண டைப் இலக்கணத்தில் இதைச் சொல்ல வழியில்லை. ஆசிரியர் பக்கத்திலிருந்து புத்தகங்களைப் பார்க்கும் பெயரையும் ஜாங்கோ தானாக உருவாக்குகிறது. கோடில் அது எங்கேயும் எழுதியிருக்காது. அதனால் ஜாங்கோ ஸ்டப்ஸ், மைபைக்கென்று ஒரு ப்ளகின் எழுத வேண்டியிருந்தது. பைரைட்டில் அப்படி ப்ளகின் மாட்ட இடமில்லை. ஒரே கோடை இரண்டு கருவிகள் இரண்டு விதமாகப் பார்க்கும். எந்தக் கருவிக்கு வாக்குக் கொடுப்பது?

இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் பெரிய கேள்வி. பெரும்பாலான மெயின்டெயினர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி உட்கார்ந்து புல் ரிக்வெஸ்ட் பார்க்கிறவர்கள். அவர்களிடம் "எல்லாத்துக்கும் டைப் போடுங்க" என்று கேட்பது, இனி வரும் ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னொரு சுமையை ஏற்றுங்க என்று கேட்பதாகும்.

ஒருமுறை கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவதும் கஷ்டம். 2018-இல் வந்த ஃபாஸ்ட்ஏபிஐ, டைப்பையே அஸ்திவாரமாக வைத்து எழுந்தது. பைடான்டிக் லைப்ரரியின் துணையோடு, டைப்பை ஓடும்போதே படித்து, வரும் தரவைச் சரிபார்க்கும். பைத்தான் 3.10-இல் டைப் குறிப்புகளையெல்லாம் இயல்பாகவே வெறும் ஸ்ட்ரிங்காகச் சேமிக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அது நடந்தால் தங்கள் வேலை பாதிக்கும் என்று இந்த இரண்டையும் உருவாக்கியவர்கள் குரல் கொடுக்க, 2021 ஏப்ரலில் திட்டம் தள்ளிப்போனது. கடைசியில் 2025-இல் வந்த 3.14 வேறு வழியை எடுத்தது. ஓரமாக எழுதிய குறிப்பு என்று நினைத்தது ஒரு மொழியின் போக்கையே நிறுத்தி வைத்துவிட்டது.

இன்னொரு வாதம்: டைப் எல்லாத் தப்பையும் பிடிக்காது. உண்மை. ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் பொதுவெளிக்கு வந்துவிட்ட பிழைகளை எடுத்து 2017-இல் ஒரு ஆய்வு நடந்தது. டைப்ஸ்கிரிப்ட்டோ ஃப்ளோவோ இருந்திருந்தால் அவற்றில் சுமார் 15 சதவீதத்தைப் பிடித்திருக்கும் என்றது. மீதி 85-க்கு டெஸ்ட் எழுதித்தான் ஆகணும். ஆனால் அந்த 15, டெஸ்ட்டையும் ரிவ்யூவையும் தாண்டித் தப்பி வந்தவை. ஒரே ஒரு கருவி அதைப் பிடிக்கும் என்றால் எனக்கு அது பெரிய எண்.

அப்போ எப்படிச் சேர்ப்பது?

என் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இங்கேதான். முதல் நாளே எல்லா கோப்புக்கும் 'ஸ்ட்ரிக்ட்' போட்டு ஓட்டணும் என்கிறார்கள் சிலர். ஆயிரக்கணக்கில் எரர் கொட்டும். அதை அடக்க, கைக்குக் கிடைத்த இடமெல்லாம் 'எனி' என்றும் 'இந்த வரியைக் கண்டுக்காதே' என்றும் எழுதுவார்கள். கடைசியில் பச்சை டிக் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. எக்ஸ்பெரிமென்ட் செய்யாமல் ரெக்கார்டு நோட் எழுதுவது நமக்குப் புதுசா என்ன?

நான் சொல்லும் வரிசை இது. வெளியாட்கள் கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு முதலில் எழுதுங்க. உள் வேலைகள் காத்திருக்கட்டும். புதுசாக வரும் கோடுக்குக் கண்டிப்பு வைங்க. பழையதை மாட்யூல் மாட்யூலாகக் கொண்டு வாங்க. மைபையில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனிக் கண்டிப்பு வைக்க வசதி உண்டு. டைப் எழுதாத ஃபங்ஷனின் உள்ளே மைபை இயல்பாக எட்டிப் பார்ப்பதே இல்லை. அதனால் படிப்படியாகப் போனால் யாருக்கும் மூச்சு முட்டாது. எரரை அடக்கும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஏன் அடக்கினேன் என்று ஒரு வரி எழுதுங்க.

மிக முக்கியமாக, தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி எழுதாதீங்க. சில சமயம் நன் தரும் ஃபங்ஷனுக்கு 'எப்போதும் டிக்‌ஷனரி' என்று எழுதினால், டைப் எழுதாமல் விட்டதை விட மோசம். எழுதாத இடத்தில் ஆள் சந்தேகப்படுவார். எழுதிய இடத்தில் நம்பி விழுவார்.

ஒரு லைப்ரரிக்கு டைப் இருக்கிறது என்று வெளியுலகுக்கு அறிவிக்க, 'பை டைப்டு' என்ற பெயரில் ஒரு கோப்பை அதனுடன் வைக்கணும். பெரும்பாலும் காலியான கோப்புதான். அதை வைத்த நொடியிலிருந்து பயனர்களின் கருவிகள் உங்க டைப்பை நம்பத் தொடங்கிவிடும். அதனால் அது கடைசி வேலை.

இதில் உங்களுக்கு என்ன?

நம்மில் பலர் ஓப்பன் சோர்ஸ் என்று தொடங்குவது ரீட்மீ கோப்பில் ஒரு காற்புள்ளி மாற்றுவதில். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் டி-ஷர்ட்டுக்காக அர்த்தமில்லாத புல் ரிக்வெஸ்ட்டுகள் குவிந்து, விரும்பிச் சேர்ந்த ரெப்போக்களில் செய்தால் மட்டுமே கணக்கு என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. மெயின்டெயினர்களின் ராத்திரியைத் தின்ற வேலை அது.

அதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்க. நீங்க பயன்படுத்தும் ஒரு சின்ன லைப்ரரியில் டைப் இல்லாத ஒரு ஃபங்ஷனை எடுங்க. அதை யார் யார் கூப்பிடுகிறார்கள், எந்தக் கிளையில் என்ன திரும்புகிறது என்று படிங்க. டெஸ்ட் கோப்பையும் படிங்க. பிறகு, டைப் சேர்த்தால் ஏற்பீங்களா என்று இஷ்யூவில் கேளுங்க. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்க, படித்தது உங்களோடு இருக்கும். சரி என்றால் அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் அனுப்புங்க. ஏதாவது கருவியை விட்டு இருநூறு கோப்புக்கு ஒரே நாளில் டைப் எழுத வைத்து அவர் தலையில் கொட்டாதீங்க. அதைப் படிக்கப் போகிறவர் மனுஷர். பைத்தானின் சொந்த லைப்ரரிக்கும் வேறு பல லைப்ரரிகளுக்கும் டைப் எழுதிச் சேர்த்து வைத்திருக்கும் 'டைப்ஷெட்' என்ற பொது ரெப்போவும் இருக்கிறது. அங்கேயும் வேலை உண்டு.

ஒரு ஃபங்ஷனுக்கு நேர்மையாக டைப் எழுதணும் என்றால் அதை முழுசாகப் புரிந்துகொண்டே ஆகணும். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் "ஒரு பெரிய கோட்பேஸைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால், சொல்வதற்கு உண்மையான ஒரு பதில் கையில் இருக்கும்.

எங்க சிம்போசியம் கோடுக்குத் திரும்புகிறேன். இந்த வருஷம் அந்த ஃபங்ஷனுக்கு நான் டைப் எழுதினேன். ஒரே வரிதான். எழுத ஒரு முழுச் சாயங்காலம் ஆச்சு, ஏனென்றால் ஃபால்ஸும் நன்னும் எந்தெந்த வழியில் வருகிறது என்று தேட வேண்டியிருந்தது. பிறகு மைபையை ஓட்டினேன். ஏழு இடத்தில் குறை சொன்னது. அதில் ஒன்று நம்ம ரிஜிஸ்ட்ரேஷன் பக்கம், வரி எண்ணோடு. அந்த வெளியூர்ப் பசங்க வரிசையில் நிற்பதற்கு முதல் நாள் ராத்திரி இதைச் செய்திருக்கலாம். ஓடி முடிக்க சில விநாடிதான் ஆகியிருக்கும்.

போன வாரம் செகண்ட் இயர் தம்பி ஒருவன் அதே ஃபங்ஷனை எடுத்து இன்னொரு பக்கத்தில் சேர்த்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய எடிட்டரே, 'இது ஃபால்ஸாகவும் இருக்கலாம்' என்று கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. அவனாகவே ஒரு 'இஃப்' எழுதிக்கொண்டான்.

மே மாதம் நான் பாஸ் அவுட். அடுத்த சிம்போசியம் ஆகஸ்டில். அன்னைக்கு நான் ஏதாவது ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பேன், போன் சைலன்ட்டில் கிடக்கும். அவங்களுக்கு என்னைக் கூப்பிட வேண்டிய தேவை வராது என்று நம்புகிறேன்.